கல்லா, மணியா? அந்தக் காலத்தில் கண்டுபிடித்த விதம்

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில், பழைய சேலை மடிப்புக்குள், ஒரு ஜோடி சிவப்புக்கல் தோடு முடிந்து வைக்கப்பட்டிருக்கிறதா? பாட்டி போட்டது, அம்மா போட்டது, இப்போது மூத்த மகளின் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்தது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் அதே தோடு அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கும். அங்கே தராசில் வைக்கிறவர் கல்லைப் பார்ப்பதே இல்லை. "கல்லுக்கு எடை கழிச்சாச்சு, தங்கத்துக்கு மட்டும்தான் காசு" என்று சொல்லிச் சீட்டை நீட்டுவார். நமக்கு மனம் கேட்காது. "பாட்டி காலத்துக் கல்லாச்சே, அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?" என்று தோன்றும்.

அந்தக் கல் உண்மையான மாணிக்கமா, வெறும் கண்ணாடியா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? இன்று இதற்குக் கருவிகள் இருக்கின்றன. பூதக்கண்ணாடியும் மின்சார விளக்கும் இல்லாத காலத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? அரசனின் மகுடத்துக்குப் போகும் கல்லையும், ஆற்று மணலில் கிடக்கும் கூழாங்கல்லையும் எதை வைத்துப் பிரித்தார்கள்? அந்தக் கதையைத்தான் வாசகர்களே, இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறோம். அதில் நமக்கு உதவும் பாடங்களும் உண்டு.

*சிலம்புக்குள் இருந்தது என்ன?*

கண்ணகி கதை தெரியாத வீடு நம்மிடையே இல்லை. அந்தக் கதையையே கல் சோதனைக் கதையாகவும் படிக்கலாம். யோசித்துப் பாருங்கள். மதுரையில் இரண்டு சிலம்புகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. ஒன்று பாண்டிமாதேவியின் சிலம்பு. அதன் உள்ளே பரல்களாக இருந்தவை முத்துக்கள். மற்றது கண்ணகியின் சிலம்பு. அதன் உள்ளே மாணிக்கம். களவாடிய பொற்கொல்லன் சொன்னதை அரசன் நம்பினான். சிலம்பைத் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. ஓர் உயிர் போயிற்று. பிறகு கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டினாள். மாணிக்கம் தெறித்தது. உண்மை விளங்கியது. ஆனால் கோவலன் திரும்பி வரவில்லை.

சோதித்துப் பார்க்காத ஒரு தீர்ப்பு ஒரு குடும்பத்தையே அழித்தது. அதனால்தான் கல்லைச் சோதிக்கும் கலை நம் நாட்டில் விளையாட்டாக வளரவில்லை.

அதே சிலப்பதிகாரத்தில் இன்னொரு காட்சி உண்டு. கோவலன் சிலம்பை விற்கப் போவதற்கு முன்பு மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். அப்போது இரத்தினக் கடைத்தெரு வழியே நடக்கிறான். அந்தக் கடைக்காரர்கள் ஒவ்வொரு மணியின் குற்றமும் குணமும் அறிந்தவர்கள் என்று இளங்கோவடிகள் விவரிக்கிறார். வைரத்துக்கு நான்கு குற்றங்களைச் சொல்கிறார்: காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால் போன்ற வெடிப்பு காகபாதம். உள்ளே மங்கலாகத் தெரிவது களங்கம். புள்ளி விந்து. கோடு ஏகை.

இன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு வைர வியாபாரி கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எதைத் தேடுகிறார் தெரியுமா? வெடிப்பு, மேகம் போன்ற மங்கல், புள்ளி, கோடு. அதே நான்குதான்!

*ஏட்டில் இருந்த சரக்கும் சரடும்*

கல் சோதனைக்கு என்றே நூல்கள் எழுதப்பட்டன. வடமொழியில் அதற்கு இரத்தினப் பரீட்சை என்று பெயர். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் அரசாங்கப் பொக்கிஷத்துக்குள் வரும் மணிகளை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. நல்ல முத்து உருண்டையாக, வழவழப்பாக, வெண்மையாக, கனமாக இருக்க வேண்டும். நல்ல வைரம் பாத்திரத்தின்மேல் கீறல் போட வேண்டும், ஒளியைச் சிதறடிக்க வேண்டும். தாமிரபரணியிலும் பாண்டிய நாட்டிலும் கிடைக்கும் முத்துக்களும் அதில் பேர் பெற்றிருக்கின்றன.

கீறிப் பார்ப்பது எல்லா நூல்களும் சொல்லும் முக்கியமான சோதனை. வைரம் மற்ற எல்லாக் கல்லையும் கீறும். வைரத்தை வைரம் மட்டுமே கீறும். "வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும்" என்ற பேச்சு இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். பல நூற்றாண்டுகள் கழித்து, 1812-இல் மோஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதையே ஒழுங்குபடுத்தி ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்தார். வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9. புஷ்பராகம் 8. பளிங்கு 7. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை.

ஆனால் ஏட்டில் உள்ளதெல்லாம் உண்மை என்று நினைத்துவிடாதீர்கள். நீரில் மிதக்கும் வைரமே உத்தமம் என்றும் அதே நூல்கள் சொல்கின்றன! வைரம் தண்ணீரைவிட மூன்றரை மடங்கு கனம். அது எங்கே மிதக்கப் போகிறது? இன்னொன்றும் சொன்னார்கள். வெள்ளை வைரம் பிராமணருக்கு, சிவப்பு சத்திரியருக்கு, மஞ்சள் வைசியருக்கு, கறுப்பு சூத்திரருக்கு என்று கல்லுக்கும் சாதி வகுத்தார்கள். மண்ணுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கல்லுக்கு மனிதன் வகுத்த சாதி தெரியுமா? படித்தவர் எழுதியதானாலும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

*சிவப்பு விதையே எடைக்கல்*

கல்லின் தரம் தெரிந்தபின் எடை தெரிய வேண்டும். அரிசி மணி அளவுக் கல்லுக்கு எந்தப் படிக்கல்லை வைப்பது? முன்னோர் விதைகளைக் கையாண்டார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு.

இந்த மஞ்சாடி உங்களுக்குப் பழக்கமானதுதான். பள்ளிக்கூட வாசலிலும் சாலை ஓரத்திலும் நிற்கும் பெரிய மரம். காய் வெடித்துச் சுருண்டு, பளபளவென்று சிவப்பு விதை கொட்டுமே, பிள்ளைகள் போத்தலில் சேர்த்து வைப்பார்களே, அதேதான். மலாய்க்காரர்கள் அதைச் 'சாகா' என்பார்கள். அவர்களும் அதையே பொன் நிறுக்கப் பயன்படுத்தினார்கள். 1985-இல் வெளிவந்த மலேசியாவின் முதல் தேசியக் காருக்கு இந்த விதையின் பெயரைத்தான் வைத்தார்கள். நான்கு விதை சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். விதைக்கு விதை அதிக வித்தியாசம் இருக்காது. அதனால்தான் தராசுத் தட்டில் அதற்கு இடம் கிடைத்தது.

(தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை: கறுப்புக் கண் வைத்த சிறிய குன்றிமணி கடும் விஷம். கடித்து விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.)

மேல்நாட்டிலும் இதே கதைதான். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் ஒரு மரத்தின் விதை கொண்டு நிறுத்தார்கள். அந்த விதையின் பெயரிலிருந்து வந்ததுதான் 'காரட்' என்ற சொல். ஊருக்கு ஊர் காரட் கொஞ்சம் மாறிக்கொண்டிருந்தது. 1907-இல்தான் ஒரு காரட் என்றால் 200 மில்லிகிராம் என்று முடிவு செய்தார்கள். அதாவது ஒரு கிராமுக்கு ஐந்து காரட்.

*தஞ்சைக் கோயில் கணக்குப்பிள்ளைகள்*

கல்லைக் கணக்கு வைப்பதில் நம்மவர்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரே சாட்சி. இராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்த கோயில் அது. அரசனும், அவன் தமக்கை குந்தவையாரும் கொடுத்த நகைகளின் பட்டியல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. 'ஒரு மாலை கொடுத்தார்' என்று சும்மா முடித்துவிடவில்லை. பொன் எவ்வளவு, வைரம் எத்தனை, மாணிக்கம் எத்தனை, முத்து எத்தனை, பதிக்கப் பயன்பட்ட அரக்கும் சேர்த்து நிறை எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, விலை எத்தனை காசு என்று வரிசையாக இருக்கிறது.

முத்தைக்கூட வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்திருக்கிறார்கள். வைரத்தில் புள்ளி உள்ளவை, வெடிப்பு உள்ளவை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். அரசன் கொடுத்த கல்லாயிற்றே, குறை சொல்லலாமா என்று அஞ்சவில்லை. நாளைக்கு யாராவது நல்ல கல்லை எடுத்துவிட்டு மட்டக் கல்லை வைத்தால், சுவர் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா?

*முத்துக்குச் சல்லடை*

மன்னார் வளைகுடா முத்துக் குளிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கரையில் முத்து வியாபாரிகள் பத்துப் பித்தளைக் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். எல்லாம் ஓட்டை போட்டவை. முதல் கிண்ணத்தில் 20 பெரிய ஓட்டைகள். கடைசிக் கிண்ணத்தில் 1,000 சின்ன ஓட்டைகள். நம் வீட்டில் அரிசியும் குருணையும் சலிப்பதுபோல முத்தைச் சலித்து, எந்தக் கிண்ணத்தில் தங்குகிறதோ அந்த அளவு என்று பிரிப்பார்கள். பிறகு உருண்டையையும் ஒளியையும் பார்த்துத் தரம் சொல்வார்கள். எல்லாவற்றிலும் உயர்ந்தது ஆணி. எல்லாவற்றிலும் தாழ்ந்தது தூள். நல்ல பிள்ளையை 'ஆணிமுத்து' என்று கொஞ்சுகிறோமே, அது முத்துக் கடையிலிருந்து வந்த சொல்.

*மரத்தடியில் பத்து வயது வியாபாரிகள்*

இனி வைரம் விளைந்த பூமிக்குப் போவோம். 18-ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை, உலகத்துக்கு வைரம் கொடுத்தது இந்தியாதான். பக்கத்தில் போர்னியோ தீவிலும் கொஞ்சம் கிடைத்தது. இந்தியாவில் பேர் பெற்றது கோல்கொண்டா ராஜ்யம். இன்றைய ஆந்திரப் பகுதியில், கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த கொல்லூர் அதன் பெரிய சுரங்கம்.

17-ஆம் நூற்றாண்டில் தவர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி அங்கே நேரில் போய்ப் பார்த்தார். ஆறு முறை கிழக்கு நாடுகளுக்குப் பிரயாணம் செய்தவர். 1676-இல் தம் பிரயாண நூலை வெளியிட்டார். அவர் சொல்லும் காட்சிகள் சினிமா பார்ப்பதுபோல இருக்கும்.

ஒரு சுரங்க ஊரின் மைதானத்தில் பெரிய மரம். காலையில் அதன் நிழலில் பத்து வயது முதல் பதினைந்து, பதினாறு வயது வரையுள்ள பையன்கள் வந்து உட்காருவார்கள். ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒரு பக்கம் வைரம் நிறுக்கும் எடைக்கற்கள் உள்ள சிறு பை, மறுபக்கம் பணப்பை. சில பைகளில் 500, 600 பொன் வராகன்கூட இருக்கும்! யாராவது கல் கொண்டுவந்தால், மூத்த பையன் கையில் கொடுப்பார்கள். அவன் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்தவனிடம் கொடுப்பான். அப்படியே கைமாறிக் கைமாறி மீண்டும் அவனிடமே வரும். பிறகுதான் விலை பேசுவான். அதிக விலைக்கு வாங்கிவிட்டால் நஷ்டம் அவனையே சேரும். சாயங்காலம் எல்லாரும் கூடி, அன்று வாங்கிய கற்களை நீரோட்டம், எடை, தெளிவு பார்த்துப் பிரிப்பார்கள். லாபத்தைச் சமமாகப் பங்கிடுவார்கள். மூத்தவனுக்கு மட்டும் நூற்றுக்குக் கால் பங்கு கூடுதல்.

இந்தப் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் அந்த மரத்தடிதான். ஆயிரம் கல்லைத் தொட்டுப் பார்த்த கைக்கு ஆயிரத்து ஒன்றாவது கல் தன் குணத்தைத் தானே சொல்லிவிடும்.

கல்லின் நிறத்தை எப்படிப் பார்த்தார்கள்? ஐரோப்பியர் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இந்திய வியாபாரிகள் இரவில் பார்த்தார்கள். சுவரில் ஓரடிச் சதுரத்தில் மாடம் வைத்து, அதில் தடித்த திரி போட்ட விளக்கை ஏற்றி, கல்லை விரல்களுக்கு இடையே பிடித்து நோக்குவார்கள். நீலம் பாய்ந்த கல் மட்டம். அதைக் கண்டுபிடிக்க இலை அடர்ந்த மரத்தின் நிழலுக்குக் கல்லைக் கொண்டுபோவார்கள். இலையின் பச்சையில் கல்லின் நீலம் வெளுத்துவிடும் என்கிறார் தவர்னியே.

விலை பேசுவது இன்னும் வேடிக்கை. வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே உட்காருவார்கள். இடுப்புத் துணியின் முனையால் இருவர் கையையும் மூடிக்கொள்வார்கள். உள்ளே கையை முழுதாகப் பிடித்தால் ஆயிரம். ஒரு விரல் என்றால் நூறு. பாதி விரல் ஐம்பது. நுனிக் கணு பத்து. சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியாது. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவதைப் பற்றி உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். அங்கே மாட்டுக்கு நடந்த அதே பேச்சுத்தான் கோல்கொண்டாவில் வைரத்துக்கும் நடந்தது.

இன்னொரு சங்கதி. அங்கே வைரம் நிறுத்த எடையின் பெயரை 'மங்கேலின்' என்று எழுதுகிறார் தவர்னியே. அது வேறொன்றும் இல்லை, நம் மஞ்சாடிதான்!

*எடைக்கு எடை பெருக்கு*

விலைக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு காரட் எடையுள்ள நல்ல வைரத்தின் விலை 150 பிரெஞ்சுப் பணம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு காரட் கல் என்ன விலை? 12 தடவை 150, அதாவது 1,800 என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. முதலில் எடையை எடையாலேயே பெருக்க வேண்டும். 12 தடவை 12, 144. அதை 150-ஆல் பெருக்கினால் 21,600! தவர்னியே தம் நூலில் சொல்லும் உதாரணமே இதுதான்.

ஏன் இப்படி? சின்னக் கல் நூறு கிடைக்கும். பெரிய கல் ஒன்று கிடைப்பது அபூர்வம். பன்னிரண்டு சின்னக் கல்லை ஒட்டி ஒரு பெரிய கல் செய்ய முடியாது. ஆகவே அருமைக்குத்தான் விலை.

*மண் சுமந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?*

இவ்வளவு பெரிய தொகைகளைக் கேட்டதும், 'கல்லைத் தோண்டி எடுத்தவன் என்ன ஆனான்?' என்று தோட்டத்தில் உழைத்து வாழும் நமக்குக் கேட்கத் தோன்றுமல்லவா? தவர்னியே அதையும் எழுதி வைத்திருக்கிறார்.

கொல்லூர்ச் சுரங்கத்தில் 60,000 பேர் வேலை செய்தார்கள் என்கிறார். ஆண்கள் தோண்டினார்கள், பெண்களும் பிள்ளைகளும் மண் சுமந்தார்கள். குடும்பமே வெயிலில். இன்னொரு சுரங்கத்தில் தொழில் நன்றாகத் தெரிந்த ஆளுக்கே ஆண்டுக்கு மூன்று வராகன்தான் கூலி. ஆண்டுக்கு! மரத்தடிப் பையன் பையில் இருந்த 600 வராகனைச் சம்பாதிக்க, ஒரு சுரங்கத் தொழிலாளி 200 வருஷம் உழைக்க வேண்டும்.

ஐம்பது தொழிலாளிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து காவல்காரர்கள். அப்படியும் வறுமை சும்மா விடுமா? ஒருவன் சுமார் இரண்டு காரட் கல்லைக் கண்ணின் ஓரத்தில் செருகி மறைத்து வைத்திருந்து பிடிபட்டான். கண்ணே போகும் என்று தெரிந்தும் செய்திருக்கிறான் என்றால், அவன் வீட்டு அடுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய கல்லைக் கண்டுபிடித்து நேர்மையாகக் கொடுத்தவனுக்கு என்ன பரிசு? ஒரு தலைப்பாகைத் துணியும் அரை வராகனும்.

கல்லை முதலில் அடையாளம் கண்டவன் அந்தத் தொழிலாளிதான். சேற்றுக்குள் கிடந்த அழுக்குக் கூழாங்கல்லை 'இது வைரம்' என்று அவன் கண் சொன்னது. அவன் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மகுடத்தில் கல்லைப் பதித்தவன் பெயர் மட்டும் சரித்திரத்தில் இருக்கிறது.

*ராஜாக்களே ஏமாந்த கதை*

பெரிய அரசர்கள் வைத்திருந்த கல்லாவது சரியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டிஷ் மகுடத்தின் முகப்பில் கோழிமுட்டை அளவில் ஒரு சிவப்புக் கல் இருக்கிறது. 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர். சுமார் 170 காரட். 1367-இல் ஸ்பெயின் நாட்டு மன்னர் ஒருவரிடமிருந்து ஆங்கிலேய இளவரசர் கைக்கு வந்தது. ஆனால் அது மாணிக்கமே இல்லை! ஸ்பினல் என்ற வேறு கல். 1783-இல் ஒரு பிரெஞ்சு அறிஞர் இரண்டு கற்களின் வடிவத்தையும் ஆராய்ந்து, இவை வேறு வேறு என்று பிரித்துக் காட்டும்வரை ஐரோப்பாவில் ஸ்பினலையும் மாணிக்கம் என்றே சொல்லி வந்தார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், ஆசியாவில் அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். 973-இல் பிறந்த அல்-பிரூனி என்ற மாபெரும் முஸ்லிம் அறிஞர் மாணிக்கம் வேறு, 'லால்' எனப்பட்ட இந்தச் சிவப்புக் கல் வேறு என்று எழுதியிருக்கிறார். எப்படிக் கண்டார்? தண்ணீரை வைத்து. கூம்பு வடிவப் பாத்திரத்தில் தளும்பத் தண்ணீர். பக்கத்தில் மெல்லிய குழாய். கல்லை உள்ளே போட்டால் அதன் பருமன் அளவுக்கு நீர் வெளியே வழியும். அந்த நீரையும் கல்லையும் நிறுத்தால், தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்று தெரியும். மாணிக்கமும் நீலமும் நான்கு மடங்கு. ஸ்பினல் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். கண்ணாடி பெரும்பாலும் இரண்டரை. நிறத்தில் ஏமாற்றலாம்; இந்தக் கணக்கில் ஏமாற்றுவது கடினம்.

இது உங்களுக்குப் புதிதல்ல. பால் கொட்டகையில் கிராணி ஒரு கண்ணாடிக் குழலைப் பாலில் மிதக்கவிட்டு எண் பார்த்ததைப் பழைய தோட்டத்துக்காரர்கள் கண்டிருப்பார்கள். தண்ணீர் கலந்த பாலில் அது ஒரு மாதிரி மிதக்கும், கெட்டிப் பாலில் வேறு மாதிரி. கண்ணுக்கு இரண்டு வாளியும் ஒரே வெள்ளைதான். குழல் உண்மையைச் சொல்லிவிடும். அல்-பிரூனி கல்லுக்குச் செய்ததும் அந்த வகைச் சோதனைதான்.

*சுத்தியலால் அழிந்த வைரங்கள்*

தவறான சோதனையால் நல்ல கல் நாசமான கதையும் உண்டு. ரோமாபுரி அறிஞர் பிளினி, உண்மையான வைரத்தைச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாது என்று எழுதினார். அதை நம்பி அடித்துப் பார்த்தவர்கள் கையில் பொடிதான் மிஞ்சியிருக்கும். வைரம் கீறலைத் தாங்கும், அடியைத் தாங்காது. 1563-இல் கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய வைத்தியர் கார்சியா ட ஒர்த்தா, 'இது பொய், சுத்தியலால் வைரம் உடையும்' என்று அச்சிட்டுச் சொன்னார்.

அதே பிளினி சொன்ன வேறு யோசனைகள் பரவாயில்லை. உண்மைக் கல் வாயில் வைத்தால் கண்ணாடியைவிட அதிகம் குளிரும். உண்மைக் கல் கனமாக இருக்கும். கண்ணாடிக் கல்லுக்குள் காற்றுக் குமிழி தெரியும். காலை நேரமே கல் பார்க்க நல்ல நேரம். இவற்றில் குளிர்ச்சியும் குமிழியும் இன்றும் உதவும்.

மதிப்பு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். 1526-இல் பாபருக்குக் கிடைத்த பெரிய வைரத்தை, உலகம் முழுவதற்கும் இரண்டரை நாள் சாப்பாட்டு விலை பெறும் என்று மதிப்பிட்டார்கள். அதுவே பிற்காலக் கோஹினூர் என்று பலர் கருதுகிறார்கள். கோஹினூர் 1851-இல் லண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டபோது, 'இவ்வளவுதானா? ஜொலிக்கவில்லையே' என்று ஜனங்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். இந்தியக் கைவினைஞர் கல்லின் எடை குறையாமல் காப்பாற்றுவார்கள். ஐரோப்பியர் எடை போனாலும் ஜொலிப்பு வேண்டும் என்பார்கள். 1852-இல் அதை மறுபடி வெட்டினார்கள். சுமார் 186 காரட்டாக இருந்த கல் 105.6 காரட் ஆயிற்று. கல் ஒன்றுதான், கண் இரண்டு.

*நம் வீட்டுக் கல்லுக்கு வருவோம்*

சரி, பாட்டியின் தோட்டை இப்போது எடுங்கள். சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: 1902-இல் வெர்னாய் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி நெருப்புச் சுடரில் மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். அது கண்ணாடி அல்ல. கடினமும் கனமும் உண்மை மாணிக்கம்போலவே இருக்கும். ஆனால் விலை மிக மலிவு. அதற்குப்பின் வந்த நகைகளில் இந்தக் கல் ஏராளம். பூதக்கண்ணாடியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது செய்கல். நிலத்தில் விளைந்த கல்லில் கோடு நேராக இருக்கும்.

இரண்டு: 'அமெரிக்கன் டைமண்ட்' என்று 1970-களின் பிற்பகுதியிலிருந்து கடைகளுக்கு வந்த வெள்ளைக் கல் வைரமல்ல. வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். 'கனமான கல்லே உண்மைக் கல்' என்ற பிளினியின் விதி இங்கே தலைகீழ்.

மூன்று: வைரமே இன்று தொழிற்சாலையில் வளர்கிறது. கீறினாலும், தண்ணீரில் நிறுத்தாலும், நாக்கில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. பரிசோதனைச் சாலைக் கருவியால் மட்டுமே சொல்ல முடியும். ஆகவே பெரிய தொகை கொடுத்துக் கல் வாங்கினால் பரிசோதனைச் சான்றிதழும், கல்லின் பெயரும் எடையும் எழுதிய ரசீதும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

நான்கு: வீட்டில் கல்லைக் கீறியோ, சுட்டோ, அடித்தோ பார்க்காதீர்கள். பொய்க்கல் என்றாலும் நகை கெடும். உண்மைக் கல் என்றால் குலமே நொந்துகொள்ளும்.

ஐந்து: 'இந்தக் கல்லைப் போட்டால் கஷ்டம் தீரும், மகனுக்கு வேலை கிடைக்கும்' என்று வாசலில் வந்து சொல்பவரிடம் மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவரிடம் தஞ்சாவூர்க் கணக்குப்பிள்ளை கேட்டிருக்கும் கேள்விகளைக் கேளுங்கள்: என்ன கல்? எத்தனை எடை? என்ன குறை? என்ன விலை? எழுதித் தருகிறாயா? அநேகமாக அவர் அடுத்த லயத்துக்கு நடையைக் கட்டிவிடுவார்.

பாட்டியின் தோடு செய்கல்லாகவே இருக்கட்டும், அதனால் என்ன? பால்வாளி சுமந்த காசில் சீட்டுப் போட்டு அவள் வாங்கியது அது. எத்தனை முறை அடகுக்கடைக்குப் போனாலும் வட்டி கட்டி மீட்டுக்கொண்டு வந்தாள். அடகுக்கடைத் தராசில் அதற்கு எடை இல்லை. மகள் காதில் அதைப் போட்டுவிடும்போது அந்தக் கதையையும் சொல்லிப் போடுங்கள். மரத்தடிப் பையன்களுக்குக் கிடைத்த பாடம்போல, கல்லைப் பார்க்கும் கண்ணையும் அவளுக்குக் கொடுங்கள். நாளைக்கு அவளை யாரும் ஏமாற்ற முடியாது.